மெட்ரோவில் போய்வந்தால் இடுப்பு குறையுமா?

தையல்காரன், கொழிஞ்சாம்பாறை:
எனக்கு வயது 57. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சோற்றுக்கு எழுவதோடு சரி. மெஷினுக்கு மோட்டார் வைத்த பிறகு காலுக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது.

போன வருடம் மாப்பிள்ளை எர்ணாகுளம் எம்.ஜி. ரோட்டுப் பக்கம் கடை போட்டார். தைக்க ஆள் கிடைக்கவில்லை என்று என்னை ஏழு மாதம் அங்கே வைத்துக்கொண்டார். மகள் வீடு இடப்பள்ளி நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஆட்டோ நுழையாத சந்து. கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியது, நான் அதுவரை ஏறியதே இல்லை. காலையில் நடை, பிறகு படி (எஸ்கலேட்டர் என்றால் எனக்குப் பயம்), ஆறாவது நிறுத்தத்தில் இறங்கி மறுபடி நடை. சாயங்காலமும் அப்படியே.

நான்காவது மாதம் பேன்ட் நழுவியது. டேப் வைத்துப் பார்த்தேன்: 40 இருந்தது 38½. பேன்ட்டைப் பிடித்துத் தைத்தேன். மூன்று மாதச் சர்க்கரை 8.3இலிருந்து 7.5க்கு வந்திருந்தது. மாத்திரை அதேதான். சோறு, மகள் கைச் சமையல் என்பதால், கொஞ்சம் கூடவே.

ஊர் திரும்பி ஐந்து மாதமாகிறது. இப்போது 39½. மகள் எல்லாம் மெட்ரோவின் மகிமை என்கிறாள். ரயிலில் சும்மா நின்றுகொண்டு போனதில் என்ன மகிமை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் நர்ஸ்:
அண்ணா, ரயிலுக்குள்ளே தேடாதீர்கள். அமெரிக்காவில் சார்லட் என்ற ஊரில் 2007இல் ரயில் பாதை ஒன்றைத் திறந்தார்கள். திறப்பதற்கு முன்பும் பின்பும் அதே ஆட்களை விசாரித்ததில், அதில் போய்வரத் தொடங்கியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) மற்றவர்களைவிடச் சராசரியாக 1.18 குறைந்திருந்தது. ஐந்தே கால் அடி, ஐந்தரை அடி ஆளுக்கு அது சுமார் 3 கிலோ. ஆனால் தொலைபேசியில் அவரவரே சொன்ன எடை அது; உங்கள் டேப்பை நான் அதிகம் நம்புவேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 2012இல் வந்த பாதையிலும் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தவர்களுக்கு அதனால் லாபமில்லை. உட்கார்ந்தே கிடந்தவர்கள்தான் கூடுதலாக நடந்தார்கள். மோட்டார் மெஷின்காரர்களுக்கு என்றே வந்த ரயில் போலிருக்கிறது!

வேலந்தாவளத்துக்காரன்:
பாதை கட்டி முடித்த பிறகு நடப்பதைத்தான் அக்கா சொல்கிறார். நான் இப்போது குடியிருக்கும் நகரத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தெரு முனையில் தூண் வேலை நடக்கிறது. நடைபாதையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா. தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை, அவருடைய சாயங்கால நடையும் நின்று ஒரு வருடமாகிறது. இந்தக் கணக்கை எந்த ஆய்வில் எழுதுவார்கள்?

ஓய்வுபெற்ற போஸ்ட்மேன், கொல்லங்கோடு:
நடைதான் மருந்து என்றால் பஸ்ஸுக்கு நடந்தால் ஆகாதா? கோடிக்கணக்கில் தூண் எதற்கு?

சித்தூர் நர்ஸ்:
ஆகும் ஐயா. 2005இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் அதற்காக மட்டும் நாளுக்கு 19 நிமிடம் நடந்தார்கள். இது நடுக்கணக்கு: பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடுகிறது. வேலந்தாவளத்துத் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தையல்காரன், கொழிஞ்சாம்பாறை:
போஸ்ட்மேன் ஐயா, சைக்கிள் மிதித்த கால் உங்களுடையது, நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்து பஸ் கை காட்டிய இடத்தில் நின்றுவிடுகிறது, அதுவும் என் கடை வாசலில். மெட்ரோவுக்குக் கை காட்டிப் பயனில்லை, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். எனக்கு நடந்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நூலும் பட்டனும் வாங்க மாதம் இரண்டு தடவை கோவை போகிறேன். உக்கடத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடிப்பது வழக்கம். வருகிற வியாழக்கிழமை பெரிய கடை வீதிக்கு நடந்தே போகிறேன். பிடித்துத் தைத்த பேன்ட்டை இப்போதைக்குப் பிரிக்கவில்லை.