மலை மாரத்தான் பயிற்சியில் எனக்கு இறக்கம் கற்றுத்தந்தவர்கள்

மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் நடக்கும் சதாரா மலை அரை மாரத்தானுக்காகப் பெங்களூரில் பயிற்சி எடுத்த மாதங்களில் நான் சந்தித்த சிலரோ, காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்று எனக்குப் புரியவைத்தார்கள். அவர்கள் சொன்னதையும் நான் கண்டதையும் இங்கே பதிகிறேன்.

கப்பன் பூங்காவில் ஞாயிறு காலை ஓடவரும் பெரியவர் ஒருவர், வேலூர்க்காரர், பணி ஓய்வு பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கலந்துகொண்டவர். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் திசையை மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். டர்பன் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறினால் அது ஏற்ற ஓட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடற்கரைக்கு வந்தால் இறக்க ஓட்டம். அவர் ஓடியது இறக்க ஓட்டம். “இறக்கம்தானேன்னு சந்தோஷப்பட்டுப் போனேன் தம்பி. பாதி தாண்டி பீல்ட்ஸ் ஹில் சரிவு வந்தப்போ மூச்சு நல்லா இருந்தது, தொடைதான் என் பேச்சைக் கேக்கல” என்றார். பாஸ்டன் மாரத்தானையும் அவரே எடுத்துக்காட்டினார். அங்கே தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் சுமார் 140 மீட்டர் தாழ்வு. ஆனாலும் 32 கிலோமீட்டரைத் தாண்டி வரும் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ மேட்டில் பலர் தளர்ந்துபோகிறார்கள் என்றால், மேட்டின் உயரத்தைவிட, தொடக்கத்து இறக்கங்களில் தொடை முன்பே அடிவாங்கியிருப்பதுதான் முக்கியக் காரணம் என்பது அவர் கட்சி.

இதற்கான உடற்கூற்று விளக்கத்தை அல்சூரில் எனக்குத் தெரிந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் தந்தார். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே, விழப்போகும் உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில்தான் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் உண்டாகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். இதில் நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி அளவாக அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை முன்னைவிடக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஆகவே, இறக்கத்தை அடிக்கடி ஓடத் தேவையில்லை; இடைவெளி விட்டு, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி ஓடினால் போதும். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் போட்டிக்கும் இடையில் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

நந்தி மலைக்குப் போனபோது நான் கண்ட காட்சி இதற்கு நேர்மாறாக இருந்தது. 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் கொண்டை ஊசி வளைவுகளை மூச்சிரைக்க ஓடி ஏறுகிறவர்கள், உச்சியில் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, நண்பரின் காரில் ஏறிச் சொகுசாகக் கீழே வந்துவிடுகிறார்கள். மலைப் பயிற்சியின் பயனுள்ள பாதியை இப்படிக் காருக்குத் தாரைவார்ப்பது எனக்கு வேடிக்கையாகவே தோன்றியது. வார இறுதியில் வண்டிக் கூட்டம் மிகுதி என்பதால் ஓடி இறங்குவது ஆபத்து என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வார நாளில் வந்தால் அந்தச் சாக்கு செல்லாது.

வாரந்தோறும் நந்திக்குப் போக முடியாத எனக்குக் கைகொடுத்தது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் கார் ரேம்ப். அதிகாலையில் வண்டி நடமாட்டம் தொடங்குமுன் மேலே மெதுவாக நடந்து, கீழே ஓடுவேன். குதிகாலை முன்னால் ஊன்றி பிரேக் போடாமல், அடிகளைக் குறுக்கி வேகமாக வைத்து, கணுக்காலிலிருந்து உடலைச் சற்றே முன்சாய்த்து, பார்வையைப் பத்தடி முன்னால் வைத்து ஓடப் பழகியது அங்கேதான். ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னே சறுக்கிக் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும் என்பதும் அந்தச் சரிவில் தெரிந்தது. எங்கள் காவலாளி தருமபுரிக்காரர். சில நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், ஜனங்க ஏறித்தான் எக்சர்சைஸ் பண்ணுவாங்க. நீங்க என்ன எறங்கி எறங்கிப் பழகுறீங்க?” என்று கேட்டார். விளக்கம் சொன்னேன். மலையிலிருந்து விறகுச் சுமையோடு இறங்குகிறவர்கள் முழங்காலை விறைப்பாக வைக்காமல், குட்டை அடி எடுத்துவைத்துத்தான் வருவார்கள் என்று அவரும் தம் பங்குக்குச் சொன்னார். மருத்துவர் அரைமணி நேரம் சொன்னதன் சாரம் அதுதான்.

சதாராவில் ஊரிலிருந்து யவதேஷ்வர் மலைப்பாதையில் ஏறி, வந்த வழியே திரும்ப வேண்டும். ஏற்றத்தில் என்னைக் கடந்து போனவர்களில் சிலரைத் திரும்பும் வழியில், தொடையில் கை ஊன்றி நடந்துகொண்டிருந்த நிலையில் மறுபடி பார்த்தேன். மும்பை மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த தமிழ் இளைஞர் ஒருவரும் அவர்களில் இருந்தார். பெடர் சாலை மேட்டிலும் கன்னேரி குகைக்குப் போகும் வழியிலும் ஏறி ஏறிப் பயிற்சி எடுத்தாராம். “எங்கண்ணா இறக்கம் பழகினீங்க?” என்று கேட்டார். பேஸ்மென்ட் ரேம்ப் கதையைச் சொன்னேன். “நாங்க இருக்கிறது பழைய கட்டடம் அண்ணா, பேஸ்மென்ட்டே கிடையாது. வண்டி எல்லாம் தெருவிலதான்” என்று சிரித்தார். மாடிப்படி இருக்குமே, ஏறும்போது லிஃப்டில் போய், இறங்கும்போது மட்டும் படியில் வாருங்கள் என்றேன். லிஃப்ட் பாதி நாள் ஓடாது என்றார்.