நட்சத்திர க்வில்ட்டுக்கு லைட் நியூட்ரல் பாத்திக்: எதைப் பார்த்து எடுப்பது?

மல்லிநூல்:

எல்லாருக்கும் வணக்கம். துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் க்வில்ட் போர்வை ஒன்று செய்கிறேன். 12 இன்ச் சாடூத் ஸ்டார் பிளாக் (நடுவில் சதுரம், சுற்றி முக்கோண முனைகள் உள்ள நட்சத்திரக் கட்டம்), குறுக்கே 5, நீளத்தில் 6, மொத்தம் 30. பார்டர் கிடையாது, அதனால் 60 × 72 இன்ச். நட்சத்திரங்களுக்கு இண்டிகோவும் (கருநீலம்) மெரூனும் பாலி பாத்திக்கில் (பாலித் தீவின் மெழுகு அச்சுச் சாயத் துணி) கையில் இருக்கின்றன. பின்னணியில்தான் குழப்பம். "லைட் நியூட்ரல்" (க்ரீம், சாம்பல் மாதிரி வெளிர் நிறம்) என்று வந்த ஆறு சாம்பிளையும் மேசையில் பரப்பினால் ஒன்று ரோஸ் அடிக்கிறது, ஒன்று பாசிப்பச்சை அடிக்கிறது, ஒன்றில் பழுப்புப் பூ விழுந்து டீக்கறை மாதிரி இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே க்ரீம்தான்.

எதை வைத்து முடிவு செய்வது? ஒரே துணியில் போவதா, பல துணி கலப்பதா, எத்தனை மீட்டர் வேண்டும்? உள்ளூர் கேம்ப்ரிக் (மெல்லிய பருத்தித் துணி) பாத்திக் விலை குறைவாகக் கிடைக்கிறது, அதையும் சேர்க்கலாமா? இண்டிகோ சாயம் வெள்ளையில் ஏறிவிடுமோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

பாவும்ஊடையும்:

மல்லி, கலரை அப்புறம் பார்க்கலாம், முதலில் வெளுப்பைப் பாருங்கள். துணி க்ரீமா சாம்பலா என்பதை வைத்து நட்சத்திரம் எடுப்பாகத் தெரிவதில்லை. இண்டிகோவுக்குப் பக்கத்தில் அது எவ்வளவு வெளுப்பு என்பதை வைத்துத்தான் தெரியும். ஆறு சாம்பிளையும் இண்டிகோ, மெரூன் இரண்டுக்கும் நடுவே அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஏறக்குறைய ஒரே வெளுப்பில் தெரிகிறவற்றை ஒரே பின்னணியில் தாராளமாகக் கலக்கலாம். எது சாம்பலாக இறங்குகிறதோ அது லைட் இல்லை, மீடியம். கடையில் கருநிறத் துணிகளுக்கு நடுவே இருக்கும்போது மீடியமும் லைட் மாதிரிதான் தெரியும்.

பாத்திக்கில் இந்த ஏமாற்றம் அதிகம். செய்முறையை நினைத்துப் பாருங்கள். துணிக்கு முதல் சாயம் கொடுத்து, செப்புப் பட்டையில் செய்த "சாப்" அச்சை உருகிய மெழுகில் தோய்த்துக் குத்துகிறார்கள். அதன்மேல் இரண்டாவது சாயம் போகிறது. பிறகு கொதிநீரில் மெழுகை எடுக்கிறார்கள். மெழுகு இருந்த இடத்தில் முதல் சாயம் நிற்கும், மற்ற இடமெல்லாம் இரண்டாவது. ஆக ஒவ்வொரு லைட் பாத்திக்கிலும் குறைந்தது இரண்டு நிறம் உண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வெளுப்பாக இருந்தால் பின்னணிக்கு அருமையான துணி. இரண்டாவது சாயம் பழுப்பாக இருந்தால்தான் உங்கள் டீக்கறைத் துணி. மெழுகு விரிசல்விட்ட இடத்தில் அந்தப் பழுப்பு மயிரிழை நரம்பாக இறங்கியிருக்கும். முழு மீட்டரில் அது அழகு. மூன்று இன்ச் சதுரத்தில் அழுக்கு.

அதனால் துணியை வெட்டும் அளவில் பார்க்க வேண்டும். ஒரு அட்டையில் 3 இன்ச் சதுர ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள், உங்கள் பிளாக்கின் மூலைச் சதுரம் தைத்து முடிந்ததும் அந்த அளவுதான். சாம்பிள் மேல் அதை ஏழெட்டு இடத்தில் நகர்த்துங்கள். எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்தால் எடுங்கள். ஒரு இடத்தில் வெறும் வெள்ளை, இன்னொரு இடத்தில் பாதிப் பழுப்பு இலை என்று வந்தால் நட்சத்திரத்தின் ஓரமே உடைந்து தெரியும். அந்தத் துணியைப் பின்புறத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரோஸ், பச்சை அடிப்பதைப் பிடிக்க வெள்ளைத் தாள் மட்டும் போதாது. ஏ4 தாளில் வெளுப்பூட்டி இருப்பதால் தாளே நீலம் அடிக்கும், அதன்மேல் எந்தத் துணியும் மஞ்சளாகத்தான் தெரியும். பக்கத்தில் வெளுக்காத காடா துணித் துண்டு ஒன்றையும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே வைத்தால் அடிநிறம் உடனே வெளியே வரும். இதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் பல்பு ரோஸையும் க்ரீமையும் ஒன்றாக்கிவிடும்.

கேம்ப்ரிக் பற்றி. உஜ்ஜயினி பக்கத்து பேருகட், கட்ச்சின் முந்த்ரா மாதிரி ஊர்களிலிருந்து வரும் பாத்திக் நல்ல வேலைப்பாடுதான். ஆனால் க்வில்ட்டுக்கென்று வரும் பாலி பாத்திக்கின் நெசவு அதைவிட நெருக்கம். பாவும் ஊடையும் சேர்த்து இன்ச்சுக்கு 200 இழைக்கு மேல் போகிற துணி அது. கேம்ப்ரிக் இளகிய நெசவு என்றால் கிராஸாக வெட்டின ஓரம் இழுபடும், கருநிறம் அடியிலிருந்து அதிகம் தெரியும், சுருக்கமும் வேறாக இருக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டிலும் 10 இன்ச் சதுரம் வெட்டி, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எல்லாத் துணியையும் முன்கூட்டியே துவைக்காமல் வெட்டாதீர்கள்.

கத்தரிக்கணக்கு:

மீட்டர் கணக்கு என் பங்கு. நட்சத்திர முனைகள் வரும் நீள்சதுரத் துண்டுக்கு ஃப்ளையிங் கீஸ் (பறக்கும் வாத்து) என்று பெயர். அதில் நாலு ஒரேயடியாக வரும் முறையில் தைத்தால் ஒரு பிளாக்குக்குப் பின்னணியில் வேண்டியது 7¼ இன்ச் சதுரம் 1, 3½ இன்ச் சதுரம் 4. பாலி துணி 44 இன்ச் பன்னா (அகலம்) என்றாலும் கரையை விட்டு 42 இன்ச் என்றே கணக்கிடுங்கள்.

ஒரே துணி என்றால் 7¼ இன்ச் பட்டை 6, பட்டைக்கு 5 சதுரம். ஒவ்வொரு பட்டையின் கடைசியிலும் 5¾ இன்ச் மிஞ்சும், அதில் ஒன்றின்மேல் ஒன்றாக 3½ சதுரம் இரண்டு வரும், ஆறு பட்டையில் 12. பாக்கி 108 சதுரத்துக்கு 3½ இன்ச் பட்டை 10, பட்டைக்கு 11 வீதம். மொத்தம் 78½ இன்ச், அதாவது 2 மீட்டர். ஆனால் 2 மீட்டர் வாங்காதீர்கள், 2.4 வாங்குங்கள். பாத்திக் கைச்சாயம், ஒரு லாட் மாதிரி அடுத்த லாட் இருக்காது. அதே நம்பர் போட்டு ஒரு மாதம் கழித்து வரும் துணி ஒரு படி கருத்தோ ரோஸாகவோ வந்து நிற்கும்.

எட்டுத் துணி கலந்தால் ஒவ்வொன்றிலும் 30 செ.மீ. போதும், ஒரு துணியில் 4 பிளாக். மொத்தம் அதே 2.4 மீட்டர்தான். பின்னணிக்கு நான் பல துணியையே சொல்வேன். ஒரே துணியில் எங்காவது ஒரு சதுரம் கருத்தால் கண் நேராக அங்கே போகும். எட்டுத் துணியில் அது கூட்டத்தோடு கலந்துவிடும். ஆனால் ஒரு பிளாக்குக்குள் ஒரே துணியை வையுங்கள்.

ஃபேட் குவார்ட்டர் (அகலமாக வெட்டி விற்கும் கால் கெஜத் துண்டு) வாங்கப் போகிறீர்களா? 18 × 22 இன்ச்சில் 4 பிளாக் வரும் என்று நினைத்துத்தான் எல்லாரும் மாட்டுவது. 7¼ சதுரம் நாலு வந்துவிடும், 3½ சதுரம் 14தான் வரும், தேவை 16. எப்படித் திருப்பி வைத்தாலும் பரப்பளவே போதாது. ஒன்றுக்கு 3 பிளாக் என்று வைத்து 10 ஃபேட் குவார்ட்டர் எடுங்கள்.

நீலச்சாயம்:

வணக்கம் மல்லி. எங்கட பக்கம் இலங்கையில இதைப் பற்றிக் என்று எழுதுவினம். சாயக் கதையை நான் சொல்லுறன்.

வெட்ட முதல் இண்டிகோவிலயும் மெரூனிலயும் 4 இஞ்சித் துண்டு ஒவ்வொன்று எடுங்கோ. தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில சுடுதண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவுற லிக்குவிட், அதோட பின்னணித் துணியில ஒரு சின்னத் துண்டு. அரை மணித்தியாலம் விடுங்கோ. தண்ணீர் நிறம் மாறி, வெள்ளைத் துண்டு சுத்தமாய் இருந்தால் பயமில்லை. அது துணியில ஒட்டாமல் மிஞ்சின சாயம், துவைச்சால் போகும். வெள்ளைத் துண்டிலயும் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் துவைக்காமல் ஊசி குத்த வேண்டாம்.

துவைக்கிறது 60 பாகை (டிகிரி) சுடுதண்ணீரில, நிறையத் தண்ணீர் விட்டு, கருநிறத்தை மட்டும் தனிய. தண்ணீர் தெளியிற வரைக்கும் திருப்பித் திருப்பி. கல்லுப்பு, வினாகிரி போட வேண்டாம். சாயப்பட்டறையில உப்புப் போடுறதே தண்ணீரில கிடக்கிற சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளத்தான். உப்புத் தண்ணீரில சாயம் போகாத மாதிரித் தெரியும், ஆனால் அது பிடிச்சு நிக்காது. பேந்து நல்ல தண்ணீரில போடேக்க இறங்கும், அப்ப பக்கத்தில இருக்கிறது உங்கட வெள்ளைத் துணி.

இன்னொன்று, அவுரிச் செடியில எடுத்த உண்மையான நீலம் எண்டால் தண்ணீர்ச் சோதனையில தப்பி உரசலில மாட்டும். காய்ந்த வெள்ளைத் துணியால பத்துத் தரம் தேய்ச்சுப் பாருங்கோ, பிறகு ஈரத் துணியால. நீலம் ஒட்டினால் இஸ்திரிப் பெட்டி, கட்டிங் மேட் எல்லாத்தாலயும் வெளிர் துணிக்கு வரும்.

வெளிர் துணியில எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தெரிஞ்சால் அது கறை இல்லை, மிஞ்சின மெழுகு. மேலயும் கீழயும் அச்சில்லாத தாள் வைச்சுச் சூடாய் இஸ்திரி போடுங்கோ, மெழுகைத் தாள் இழுக்கும். நியூஸ் பேப்பர் வைச்சால் மை ஏறிவிடும்.

தைச்சு முடிச்ச க்வில்ட்டில சாயம் ஏறினால் காய விட வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். ஈரத்தோடயே பெரிய தொட்டியில 60 பாகைத் தண்ணீர், லிக்குவிட் சோப்புப் போட்டு, ஒரு மூலையும் வெளியில நிக்காமல் 12 மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கோ. மடிஞ்சு குவிஞ்சு கிடந்தால் அந்த இடத்திலயே சாயம் திரும்ப ஏறும். தண்ணீர் நிறம் மாறினால் புதுத் தண்ணீரில இன்னொருக்கால்.

மல்லிநூல்:

எல்லாருக்கும் நன்றி. கருப்பு வெள்ளைப் படத்தில் நாலு ஒரே வெளுப்பு. டீக்கறையும் இன்னொரு மணல் கலரும் இறங்கிவிட்டன. ரோஸும் பாசிப்பச்சையும் அந்த நாலுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை விடவா, வைக்கவா? இன்னொன்று, சோதனைக்கு ஒரு பிளாக் தைத்ததில் மூலைச் சதுரங்களின் ஓரத்தில் நீலக் கோடு நிழலாகத் தெரிகிறது. தையலைப் பிரித்த இடத்தில் ஓட்டையும் தெரிகிறது.

பாவும்ஊடையும்:

நீலக் கோடு தையல் மார்ஜின், அதாவது தையலுக்கு அப்பால் அடியில் மடங்கும் ஓரத் துணி. கீஸ் துண்டைத் தைத்ததும் மார்ஜினை நட்சத்திர முனைப் பக்கம் மடக்கி இஸ்திரி போட்டிருப்பீர்கள், அது சரி, கருப்பு கருப்புக்கு அடியிலேயே போகிறது. ஆனால் மூலைச் சதுரத்தைச் சேர்க்கும் தையலில் பருமன் குறைய மார்ஜினைச் சதுரத்தின் பக்கம் மடக்குவதுதான் வழக்கம். அங்கே இண்டிகோ முனையின் கால் இன்ச் வெள்ளைக்கு அடியில் போய் உட்கார்கிறது. இரண்டு வழி. மார்ஜினைப் பிரித்து இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள், நெருக்கமான நெசவுக்கு அதுவே தட்டையாக உட்காரும். அல்லது இண்டிகோ மார்ஜினை மட்டும் 1/16 இன்ச் குறைத்து வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கருநூல் நுனிகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வெள்ளைக்கு அடியில் ஒவ்வொன்றும் முடி மாதிரி தெரியும்.

ஓட்டைக்குக் காரணம் ஊசி. யுனிவர்சல் ஊசியின் முனை சற்று உருண்டது. இளகிய நெசவில் இழையை ஒதுக்கிப் போய்விடும், பாத்திக்கில் ஒதுங்க இடமில்லை, அழுத்திக் கிழிக்கும். மைக்ரோடெக்ஸ் (கூர்முனை ஊசி) 70/10 போடுங்கள், 50 வெயிட் (மெல்லிய) காட்டன் நூல், தையல் நீளம் 2 மி.மீ. சாதாரணக் காட்டனில் பிரித்த ஓட்டை ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும், இதில் லேசில் மூடாது. குண்டூசியை மார்ஜினுக்குள் மட்டும் குத்துங்கள். நூல் வெளிர் சாம்பலாக இருந்தால் வெள்ளையிலும் இண்டிகோவிலும் உறுத்தாது. கைத்தையலில் க்வில்ட் செய்வதாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள், இந்த நெசவில் விரல் வலி எடுக்கும்.

பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு) வெளுத்த வெள்ளையாக வாங்குங்கள். இயற்கை நிறக் காட்டன் பேட்டிங்கில் பருத்திக்கொட்டைத் தூள் பழுப்புப் புள்ளியாக இருக்கும், வெளிர் துணிக்குள்ளிருந்து தெரியும்.

ரோஸ், பச்சை இரண்டையும் விட வேண்டாம், இடம் பார்த்து வையுங்கள். மெரூனுக்குப் பக்கத்தில் வைத்தால் ரோஸ் அடிப்பது கண்ணுக்கு அடங்கி வெறும் க்ரீமாகத் தெரியும். பச்சையை அங்கே வைத்தால் இன்னும் பச்சையாகும், அதனால் அது இண்டிகோ நட்சத்திரங்களுக்கு. மற்ற இரண்டும் எங்கேயும் போகலாம்.

கத்தரிக்கணக்கு:

நாலு துணி என்றால் கணக்கு மாறும் மல்லி. ஒவ்வொன்றிலும் 8 பிளாக் வருகிற மாதிரி வெட்டுங்கள். 7¼ பட்டை 2, மிச்சத்தில் 12 மூலைச் சதுரம், அதோடு 3½ பட்டை 2. 21½ இன்ச், அதனால் ஒவ்வொன்றும் 60 செ.மீ. இரண்டு பிளாக் அதிகம் வரும். தைத்து முடித்துச் சுவரில் அடுக்கிப் பார்த்து, சேராத இரண்டை எடுத்துவிடுங்கள்.