புதுப்பிப்பு: புது டிவியில் எச்.டி. படம் வந்துவிட்டது

புது டிவி வாங்கியும் படம் மங்கலாகவே தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை உள்ள பழைய ஏவி கேபிளைக் கழற்றச் சொன்னவர் சொன்னதுதான் சரி. அந்த மஞ்சள் வயரில் எச்.டி. (அதிகத் தெளிவான படம்) வரவே வராது. எச்.டி.எம்.ஐ. கேபிள் மாட்டினேன். அப்போதும் பெரிய வித்தியாசமில்லை! அப்புறம் பார்த்தால், செட்டாப் பாக்ஸ் அமைப்பில் வெளியீடு 576 என்றே இருந்தது (படத்தில் எத்தனை வரிகள் என்பதுதான் இந்த எண்; கூடினால் தெளிவும் கூடும்). 1080-க்கு மாற்றியதும் பளிச்சென்று ஆனது.

ஒன்று நான் எதிர்பார்க்காதது: அதே சேனலின் எச்.டி. ஒளிபரப்பு வேறு எண்ணில் இருக்கிறது. பழக்க தோஷத்தில் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டன. டிவியின் பட அளவில், ஓரத்தை வெட்டாமல் முழுப் படத்தையும் காட்டும் 'ஜஸ்ட் ஸ்கேன்' வைத்ததும் அதுவும் சரியாகிவிட்டது. சில டிவிகளில் இதற்கு வேறு பெயர் இருக்கும்.