டைமிங் லைட்டில் 30 டிகிரி, ஓட்டத்தில் வேகம் இல்லை: 6-71 சூப்பர்சார்ஜர் பூட்டிய செவர்லே 350, உதவி தேவை

கேள்வி

வணக்கம். கனடாவின் ஒண்டாரியோவில் இருக்கிறேன். 1972 ஷெவெல் காரில் செவர்லே 350 ஸ்மால் பிளாக் இன்ஜின், அதன் மேல் 6-71 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), இரண்டு கார்புரேட்டர்கள். கம்ப்ரஷன் 8:1, பூஸ்ட் 10 பிஎஸ்ஐ. எரிபொருள் 110 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல். டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸைப் (பிஸ்டன் மேல்நிலைக்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழ வேண்டும் என்ற டைமிங் அளவு) பூட்டிவிட்டதால் எல்லா ஆர்பிஎம்மிலும் டைமிங் லைட்டில் ஒரே 30 டிகிரிதான்.

கயூகா ஓடுதளத்தில் கால் மைல் முடிவில் 120 மைல் வேகம் எடுத்த கார், இந்தப் பருவத்தில் 113-ஐத் தாண்ட மறுக்கிறது. முதல் 60 அடி பழையபடியே இருக்கிறது. பாதி தூரத்துக்குப் பிறகுதான் இழுவை இல்லை. நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) ஆகுமோ என்று டைமிங்கை 27 டிகிரிக்கு இறக்கினேன். வேகம் மேலும் குறைந்தது. ஓடி முடித்து நிறுத்தினால் எக்ஸாஸ்ட் ஹெடர் குழாய்கள் செக்கச்செவேலென்று இருக்கின்றன. பூஸ்ட் அளவு மாறவில்லை, பெட்ரோல் அழுத்தமும் சரியாக இருக்கிறது. டைமிங்கை இன்னும் இறக்கட்டுமா, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைப் பெரிதாக்கட்டுமா? பிஸ்டன் உருகிவிட்டால் புது இன்ஜின் கட்ட இப்போது வசதி இல்லை.

பதில், கோயம்புத்தூரிலிருந்து

தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள். புதிய பிளக் போட்டு ஒரு முழு ஓட்டம் ஓடுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருண்டு வாருங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் பிளக்கில் படிந்த கதை அழிந்துவிடும்.

ஹெடர் சிவப்பதற்குக் கலவையில் பெட்ரோல் குறைவது ஒரு காரணம், தீப்பொறி தாமதமாவது இன்னொரு காரணம். பிளக்கின் பீங்கானில் மிளகுப்பொடி போலக் கரும்புள்ளியோ வெள்ளி நிறத் துகளோ தெரிந்தால் அது நாக்கிங். அதன் பிறகு ஒரு ஓட்டம்கூட ஓடக் கூடாது.

எந்த டைமிங் லைட் வைத்திருக்கிறீர்கள்? டிகிரியைத் திருகி வைக்கும் டிஜிட்டல் லைட் சிலவற்றில், எம்எஸ்டி போன்ற பல பொறி விடும் இக்னிஷன் பெட்டி இருந்தால் அளவு தப்பும். அந்தப் பெட்டிகள் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரே எரிப்புக்குப் பல பொறி விடுபவை. அதனால் அதற்கு மேல் ஏற்றிப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா. என்னுடையது திருகு இல்லாத சாதாரண லைட். கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள பேலன்சர் சக்கரத்தில் டிகிரி டேப் ஒட்டி, லைட் மின்னும்போது அதைப் படிக்கிறேன். 3,500-இல் பார்த்தாலும் அதே 27தான். எட்டு பிளக்குகளிலும் பீங்கான் சுத்தமாக இருக்கிறது, புள்ளியே இல்லை. அடிப்பகுதியில் எரிபொருள் வளையம் நல்ல பழுப்பு நிறத்தில் தெரிகிறது. தரைக்கம்பியில் (பிளக் முனையில் வளைந்து நிற்கும் கம்பி) வெப்பத்தால் மாறிய நிறம் மட்டும் நுனியோடு நின்றுவிட்டது.

பதில், சிட்னியிலிருந்து

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அந்த நிறக்கோடு தரைக்கம்பியின் வளைவில் விழுந்தால் டைமிங் சரி. மரையை நோக்கி இறங்கினால் டைமிங் அதிகம். நுனியிலேயே நின்றால் குறைவு. எட்டு பிளக்குகளும் குறைவு என்கின்றன. லைட் 27 என்கிறது. நான் பிளக்கைத்தான் நம்புவேன்.

சூப்பர்சார்ஜர் இல்லாத 350 இன்ஜினுக்கு 34 முதல் 36 டிகிரி வழக்கம். பூஸ்ட் ஏறினால் கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும். அதனால் 28 முதல் 32-க்குள் வைக்கிறோம். உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்நிலையைத் தாண்டிச் சுமார் 15 டிகிரியில் வர வேண்டும். டைமிங்கை அந்த 28-க்கும் கீழே இறக்கினால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எரிந்து முடிக்காத நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டி ஓடுகிறது. உங்கள் ஹெடர் சிவப்பதும், வேகம் போனதும் அதனால்தான். வால்வு கருகும் நிலை இது. தயவுசெய்து இனி இறக்க வேண்டாம்.

லைட் பொய் சொல்வதில்லை. அது பார்க்கும் கோடு நகர்ந்திருக்கலாம். பேலன்சரின் வெளிவளையம் ரப்பரில்தான் பிடித்து நிற்கிறது. கிராங்க் ஷாஃப்ட் முனையில் பேலன்சரைப் பூட்டி நிறுத்தும் சாவியும் தேய்ந்திருக்கலாம், 6-71-இன் பெல்ட் இழுப்பு அப்படிப்பட்டது. இரண்டிலும் கோடு பின்னால் போகும். லைட்டில் அதிகமாகத் தெரியும், உள்ளே குறைவாக இருக்கும்.

பிஸ்டன் ஸ்டாப் (பிளக் துளையில் திருகி பிஸ்டனைத் தடுக்கும் கருவி) போட்டுச் சோதியுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், எல்லா பிளக்குகளையும் பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். முதல் சிலிண்டரில் ஸ்டாப்பைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு, எதிர்ப்புறமாகச் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான மேல்நிலை. ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றவே சுற்றாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். 8 அங்குல பேலன்சரில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.8 மில்லிமீட்டர்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். நடுப்புள்ளிக்கும் பழைய கோட்டுக்கும் ஏறக்குறைய 12.5 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது 7 டிகிரி! லைட்டில் 30 என்று பார்த்தது உண்மையில் 23, இறக்கிய பிறகு 20. கழற்றிப் பார்த்தால் சாவி முழுதாக இருக்கிறது. வளையத்துக்கும் நடுக்குடத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் முன்பக்கமாகப் பிதுங்கி வெடித்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை 7 டிகிரி கூட்டி வைத்து இந்த வாரம் ஓடலாமா?

பதில், சிட்னியிலிருந்து

கூடாது. வெடித்த ரப்பரோடு வளையம் கழன்று பறந்தால் பெல்ட்டையும் ரேடியேட்டரையும் அறுத்துக்கொண்டு போகும். பந்தய உதிரிபாகங்களுக்கான எஸ்எஃப்ஐ 18.1 பாதுகாப்புத் தரச்சான்று உள்ள பேலன்சர் வாங்குங்கள். பூட்டியதும் வளையத்துக்கும் நடுக்குடத்துக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மறுபடி நழுவினால் கண்ணுக்கே தெரியும். பிஸ்டன் ஸ்டாப்பை மறுபடி போட்டு, இன்ஜினில் நிலையாக நிற்கும் டைமிங் முள்ளைப் புதுக் கோட்டுக்குச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் லைட்.

பதில், கோயம்புத்தூரிலிருந்து

தம்பி, புது பேலன்சரில் 26-இல் தொடங்குங்கள். பிறகு 2 டிகிரி ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் புதிய பிளக், முழு ஓட்டம். கால் மைல் நேரத்தைப் பார்க்க வேண்டாம், டயர் வழுக்கினாலே அது மாறும். முடிவு வேகத்தைப் பாருங்கள். 2 டிகிரி ஏற்றியும் வேகம் கூடவில்லை என்றால் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். 32-ஐத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, 5, 7-ஆம் சிலிண்டர்களின் பிளக் வயர்களைப் பிரித்துக் கட்டியிருக்கிறீர்களா? 1-8-4-3-6-5-7-2 வரிசையில் அவை அடுத்தடுத்து எரிபவை, இன்ஜினிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. வயர்கள் ஒட்டிக் கிடந்தால் 5-இன் பொறி 7-க்குத் தாவிவிடும். டைமிங் ஏற்றும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.