எழுநூறு பேர் போகும் கப்பலில் நெரிசல், ஏழாயிரம் பேர் போகும் கப்பலில் இல்லையா?

கடல்நாரை:
அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிக் குடும்பமாகக் கப்பல் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததிலிருந்து ஒரே வாதம்தான். தம்பி சிறிய கப்பல்தான் வேண்டும் என்கிறான். ஆள் குறைவு, ஆகவே நெரிசலும் குறைவு என்பது அவன் கட்சி. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் குறைவு என்றால் இடமும் குறைவு என்பதை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

மத்தியதரைக் கடலில் எழுநூறு பேர் அளவில் ஏற்றும் கப்பல் ஒன்றில் போயிருக்கிறேன். வெயில் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் நடுக்கடலில் மழை பிடித்துக்கொண்டது. மேல்தள நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு பஃபே, ஒரு கூடம், முன்பக்கம் கடல் பார்க்கும் ஓர் அறை, ஒரு நூலகம். நூலகத்து நாற்காலிகளில் காலையிலேயே துண்டும் புத்தகமும் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரை இன்னும் மறக்க முடியவில்லை. பெரிய கப்பலில் மழை பெய்தால் போவதற்குப் பத்து இடம் உண்டு. சிறிய கப்பல்தான் நெரிசல் என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

தூத்துக்குடி மாறன்:
மறுக்கிறேன். நீங்கள் சொல்வது ஒரு மழை நாள். பெரிய கப்பலில் தினந்தோறும் நடப்பதைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்றால் ஏழரைக்கே லிஃப்ட் வாசலில் கூட்டம். இறங்கும் பாலத்தில் ஒவ்வோர் அட்டையாகத் தட்டி அனுப்புகிறார்கள். மாலையில் திரும்பும்போது பாதுகாப்புச் சோதனைக்கு இன்னொரு வரிசை. நாடகம் முடிந்து அரங்கிலிருந்து வெளியே வரும்போது ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் படிக்கட்டை நோக்கி நகர்கிறார்கள். உட்கார இடம் இருக்கிறது, உண்மைதான். நடக்க இடம் இல்லை.

உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் தி சீஸ் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. எல்லாப் படுக்கையும் நிரம்பினால் அதில் 7,600 பயணிகள். ஊழியர்கள் தனியாக 2,350 பேர். ஒரு சிற்றூரே மிதக்கிறது. அதில் நெரிசல் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்கர்:
இருவரும் தலைகளை எண்ணுகிறீர்கள். தலைக்கு எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டும். கப்பல் துறையில் இதற்கு ஒரு கணக்கு வெகுகாலமாக இருக்கிறது. கப்பலின் கிராஸ் டன்னை, அறைக்கு இருவர் வீதம் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இந்த டன் எடையைக் குறிப்பதல்ல. கப்பல்களை அளப்பதற்கான 1969 சர்வதேச ஒப்பந்தத்தின்படி கப்பலின் மூடிய பகுதிகளின் கன அளவிலிருந்து பெறப்படுவது. ஆகவே வகுத்து வரும் எண் ஆளுக்குக் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது.

ஐகான்: 248,663 டன், அறைக்கு இருவர் வீதம் 5,610 பேர். ஆளுக்கு 44. கடல்நாரை போனது அஸமாரா ஜர்னி போன்ற வகைக் கப்பலாக இருக்க வேண்டும். அது 30,277 டன், சுமார் 690 பேர். ஆளுக்கு அதே 44! அளவில் எட்டு மடங்கு வித்தியாசம், ஆளுக்கு வரும் இடம் ஒன்றுதான். ஏறக்குறைய அதே உருவமுள்ள சீபோர்ன் குவெஸ்ட் 32,000 டன்னுக்குச் சற்று மேல். அதில் 450 பேரை மட்டும் ஏற்றுகிறார்கள், ஆளுக்கு 70-க்கும் மேல் வருகிறது. குவீன் மேரி 2-இல் 55. நம்மில் பலர் ஏறியிருக்கும் கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ், அதாவது 2022-இல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது, 48,563 டன், அறைக்கு இருவர் வீதம் சுமார் 1,600 பேர். ஆளுக்கு 30.

ஆகவே சிறியதா பெரியதா என்ற கேள்விக்கே இடமில்லை. முப்பதா, நாற்பத்தைந்தா, எழுபதா என்று கேளுங்கள். டிக்கெட் விலையும் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் பின்தொடர்கிறது.

நெய்தல்:
கணக்கர் ஐயா, உங்கள் எண்களில் தவறில்லை. அவற்றை நம்பி அறை பதிவு செய்வதுதான் ஆபத்து.

மூடிய இடத்தின் கன அளவு என்றீர்கள். இயந்திர அறை, சமையற்கூடம், ஊழியர்கள் தூங்கும் அறைகள் எல்லாம் அதில் அடக்கம். அங்கெல்லாம் பயணி கால் வைக்கவே முடியாது. திறந்த மேல்தளமோ கணக்கில் வருவதில்லை. நல்ல வானிலையில் பயணி பகல் முழுவதும் இருப்பது அங்கேதான். இன்னொன்று, இன்றைய பெரிய கப்பல்கள் சிலவற்றில் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவுகள் உண்டு. நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களின் ஹேவன், எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களின் யாட் கிளப் போன்றவை. தனிக் குளம், தனி உணவகம், தனி வெயில்தளம். அந்த இடமெல்லாம் உங்கள் வகுத்தலில் எல்லோருக்கும் பொதுவாகச் சேர்ந்துவிடுகிறது. சாதாரண அறை எடுத்தவருக்கு 44 கிடைப்பதே இல்லை.

கணக்கர்:
நியாயமான எதிர்ப்பு. ஆனால் அது பெரிய கப்பலுக்கு எதிராகத்தான் போகிறது, கவனித்தீர்களா? சிறிய கப்பல்களில் இப்படிப்பட்ட தனிக் கதவுகள் குறைவு.

இதையும் சொல்லிவிடுகிறேன். அறைக்கு இருவர் என்பது ஏட்டுக் கணக்கு. சோபாவை விரித்து, சுவரிலிருந்து கட்டிலை இறக்கிப் பிள்ளைகளையும் அதே அறையில் படுக்க வைக்கிறார்கள். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நிரம்பிய விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. ஐகானில் 7,600 பேரும் ஏறினால் ஆளுக்கு 44 என்பது 33 ஆகிவிடும். கோடை விடுமுறையில் ஒரு கப்பல், செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு அதே கப்பல், இரண்டும் வேறு வேறு கப்பல்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறைகள் சிறியவையாக, பிள்ளைகள் குறைவாக வரும் சிறு கப்பல்களில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை.

வளர்மதி, சிங்கப்பூர்:
நீங்கள் எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். முழங்கால் வலி உள்ள என் அம்மாவோடு போனால் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன்.

பெரிய கப்பல் ஒன்றில் எங்கள் அறை முன்கோடியில். இரவு உணவுக் கூடம் பின்கோடியில். ஐகான் அளவுள்ள கப்பல் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 365 மீட்டர். எங்களுடையது அதைவிடச் சிறியதுதான், இருந்தும் அம்மா நடுவில் இரண்டு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. முதல் பந்தி ஐந்தே முக்கால் மணிக்கு. பந்தி முடிந்து அடுத்த பந்திக்காரர்கள் வரும் நேரத்தில்தான் நெரிசலின் முழு வடிவமும் தெரிந்தது. லிஃப்ட் கதவு திறக்கிறது, உள்ளே முகத்தோடு முகமாக நிற்கிறார்கள், கதவு மூடுகிறது. அடுத்ததும் அப்படியே. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உடல் நலமுள்ள இளைஞர்கள் ஒரு மாடி இறங்குவதற்கு லிஃப்டில் நிற்கிறார்கள். என் வயிறு எரிந்தது.

பிறகு சிறிய கப்பல் ஒன்றில் அழைத்துப் போனேன். இடம் சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு அம்மா தானே நடந்து போனார். மறுநாள் முதல் பரிமாறுபவர் அவர் சைவம் என்பதை நினைவில் வைத்து, கேட்காமலே தனித் தட்டு கொண்டுவந்தார். இதை எந்த டன்னில் அளப்பீர்கள்?

கடல்நாரை:
வளர்மதி அக்கா, அம்மாவின் நிலையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அது தொலைவும் லிஃப்டும் பற்றியது. நடுக்கப்பலில், லிஃப்டுக்கு அருகில் அறை கேட்டு வாங்கியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். நெரிசல் என்றால் நான் சொல்வது ஒதுங்க இடமில்லாமை. பெரிய கப்பலில் காலை ஆறரைக்கு நடைபாதைத் தளத்தில் போய் நில்லுங்கள். ஆளே இருக்காது. பிற்பகலில் எல்லோரும் நீர்ச்சறுக்கிலும் குளத்திலும் இருக்கும்போது கூடங்கள் காலியாகக் கிடக்கும். ஐகானில் ஏழு குளங்கள். கூட்டம் பிரிந்துபோக வழி இருக்கிறது. சிறிய கப்பலில் பிடிக்காத ஒரு குழுவினர் சத்தம் போட்டால் பயணம் முடியும்வரை அவர்களோடுதான் காபி குடிக்க வேண்டும்.

தூத்துக்குடி மாறன்:
கப்பலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மக்கள் பயணம் போவது ஊர் பார்க்க. கரையில் நடப்பதையும் நெரிசலில் சேர்க்க வேண்டாமா?

கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போனவர்கள் சொல்லுங்கள். கப்பல் நடுநீரில் நிற்கும். படகில் ஏற்றிக் குன்றின் அடியில் இறக்குவார்கள். மேலே குன்றின் உச்சியில் இருக்கும் ஃபிரா ஊருக்குப் போகக் கேபிள் காரின் சிறு பெட்டிகள், இல்லையென்றால் ஏறக்குறைய 600 படிகள். மூவாயிரம் பேர் கப்பல் இரண்டு சேர்ந்து வந்தால் அன்றைய பொழுது வரிசையிலேயே கழிந்துவிடும். எழுநூறு பேர் கப்பலில் வந்தவன் முதல் படகுகளில் இறங்கி, காலைச் சாப்பாட்டுக்குள் மேலே போய்விடுவான்.

அண்டார்டிகாவில் இது விதியாகவே இருக்கிறது. அங்கே சுற்றுலா நடத்துவோர் சங்கத்தின் ஏற்பாட்டின்படி ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500-க்கு மேற்பட்ட பயணிகள் உள்ள கப்பல் யாரையும் இறக்கவே முடியாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவ்வளவு தொலைவு போய்ப் பனியில் கால் வைக்க முடியவில்லை என்றால் கப்பலில் எத்தனை குளம் இருந்து என்ன பயன்?

நெய்தல்:
மாறன் சொன்னதில் ஒரு திருத்தம். சாண்டோரினியில் உங்கள் எழுநூறு பேர் கப்பலும் தனியாக வருவதில்லை. அதே காலையில் பக்கத்தில் மூவாயிரம் பேர் கப்பல் நின்றால் கேபிள் கார் வரிசை இருவருக்கும் பொது. எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. சிறிய கப்பலில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

வெனிஸ் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரை ஒட்டிய ஜூடெக்கா கால்வாயில் விடுவதில்லை. நாம் இங்கே சிறியது என்று சொல்லிக்கொண்டிருக்கும் 30,277 டன் கப்பலும் அந்த விதிப்படி பெரியதுதான்.

வளர்மதி, சிங்கப்பூர்:
கடல்நாரை, நடுக்கப்பல் அறை கேட்டுத்தான் பார்த்தோம். அதற்கு விலை கூட, விடுமுறைக் காலத்தில் கிடைப்பதும் இல்லை. லிஃப்ட் நெரிசல் உங்களுக்கு நெரிசலாகத் தெரியாததற்குக் காரணம் நீங்கள் படியில் இறங்கிவிடுகிறீர்கள் என்பதுதான். அறுபதாம் கல்யாணம் என்கிறீர்கள். பயணத்தில் மாடி ஏறி இறங்கப்போவது நீங்களா, உங்கள் அப்பா அம்மாவா?

கடல்நாரை:
அப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். அம்மாவுக்குத்தான் படி ஆகாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் வருகிறார்கள். சிறிய கப்பலில் அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அவர்கள் ஓடி விளையாடினால் அங்கே மற்றவர்களுக்கு நாங்கள்தான் நெரிசல்.

பெரிய கப்பல் என்பதில் மாற்றமில்லை. கணக்கர் ஐயா சொன்னபடி பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தைத் தவிர்க்கப் பார்க்கிறேன். அறை எண்ணை நிறுவனமே ஒதுக்கும் மலிவான டிக்கெட் வேண்டாம், தள வரைபடத்தைப் பார்த்து லிஃப்டுக்குப் பக்கத்து அறையை நாமே தேர்ந்தெடுக்கும் டிக்கெட் எடுக்கிறேன். தம்பிக்கு இந்த விவாதத் திரியை அனுப்பியிருக்கிறேன். மாறன் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, வென்றுவிட்டதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தூத்துக்குடி மாறன்:
தம்பி சரியாகத்தான் படித்திருக்கிறார். எந்தத் துறைமுகங்கள் என்று எழுதுங்கள், அந்த நாட்களில் வேறு எத்தனை கப்பல் நிற்கிறது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன்.