மொட்டை மாடியில் முதல் முயற்சி: தக்காளி பூத்தும் காய்க்கவில்லை

கேள்வி – மேடவாக்கம் மாடி

அனைவருக்கும் வணக்கம். சித்திரை பிறந்த ஆர்வத்தில் ஒரே நாளில் இருபது பைகளை வாங்கி, மண்ணைச் சுமந்து இரண்டு மாடி ஏற மனமில்லாததால் எல்லாவற்றையும் தேங்காய் நார்க்கழிவைக் கொண்டே நிரப்பி, தக்காளி, கத்தரி நாற்றுகளை நட்டு, வெண்டை விதைகளையும் ஊன்றினேன். இப்போது ஆனி பிறந்துவிட்டது. தக்காளி நிறையப் பூக்கிறது. ஆனால் பூக்கள் காம்போடு மஞ்சளித்து உதிர்வதால், காலையில் போய்ப் பார்த்தால் செடியைவிடத் தரையில்தான் பூ அதிகம். கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகுகிறது. வெண்டையில் இலை பச்சையாக இருக்க, நரம்புகள் மட்டும் மஞ்சள் வலை பின்னியதுபோல் தெரிகின்றன. காலை, மாலை இரு வேளையும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவறாமல் ஊற்றுகிறேன். பைகளின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் டிஏபி என்ற இரசாயன உரத்தை வைக்கச் சொல்கிறார். உரம் வைத்துப் பார்க்கலாமா, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில் – ஆடிப்பட்டம்

டிஏபியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்பவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

தக்காளியில் குற்றம் பருவத்தினுடையது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாத நாட்களில் மகரந்தம் வீரியமிழந்துவிடுவதால், பூ கருவுறாமலேயே உதிர்ந்துவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவிலும் அனல் விடுவதால், மாடியில் இது இன்னும் கடுமை. வெயில் தணியும்வரை 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டிப் பார்க்கலாம். முழுப் பயன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கத்தரி இலை கருகுவதற்கும் பை விளிம்பின் வெள்ளைப் படிவுக்கும் காரணம் பெரும்பாலும் உப்பு. நார்க்கழிவிலேயே உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதன்மேல் உவர்ப்பான நிலத்தடி நீரையும் ஊற்றினால், நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் வேரடியில் தங்கிவிடும். இந்நிலையில் இரசாயன உரம் வைப்பது உப்பின்மேல் உப்பைக் கொட்டுவதுதான். மேலும், நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, செடிக்குத் தேவையான சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். செம்மண், அலசிய நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்துப் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து பிறகு நடுங்கள். பழைய நார்க்கழிவை எறிய வேண்டாம். அலசி இக்கலவைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

வெண்டைக்கு வந்திருப்பது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி அது. வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. இன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றச் செடிகளில் ஈ ஏறாதிருக்க, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். ஆடியில் வெண்டையை மறுபடி ஊன்றினால் 45 முதல் 50 நாட்களில் முதல் காய் பறிக்கலாம்.

பதில் – கட்டடக் கணக்கு

செடிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கட்டட வடிவமைப்பு என் தொழில் என்பதால் எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பையில் ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும். அதை மண்ணால் மட்டுமே நிரப்பி நீரூற்றினால் ஒரு பை 35 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன கலவையென்றால் 25 கிலோ அளவில் நிற்கும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். நான்கு மண் பைகளை நெருக்கி வைத்தாலே அந்த அளவு வந்துவிடும். ஆகவே, பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் ஓடும் கோட்டை ஒட்டி வரிசையாக வையுங்கள். பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேலோ இரும்புத் தாங்கிமேலோ வைத்தால், வடியும் நீர் தேங்காது. தட்டோடுகள் பதித்த தளமும் ஓதம் ஏறாமல் இருக்கும்.

பதில் – ஸ்ரீரங்கத்துப் பாட்டி

தம்பி, முதல் முறையே இருபது பை ஏன்? ஐந்து பையும் ஒரு கீரைத் தொட்டியும் போதும். சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரையென்றால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். தூவிய மறுநாளே எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிப் போகும். நான் ஒரு கரண்டி ரவையையும் சேர்த்துத் தூவுவேன். எறும்பு ரவையை இழுத்து முடிப்பதற்குள் விதை முளைவிட்டுவிடும்.

இரு வேளை நீர் ஊற்றுவதை வழக்கமாக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். நார்க்கழிவு மேலே காய்ந்ததுபோல் காட்டி உள்ளே சதசதவென்று இருக்கும், பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

மேடவாக்கம் மாடி

அனைவருக்கும் மிக்க நன்றி. பாட்டி சொன்னபடி விரலை விட்டுப் பார்த்தேன்; மேலே பொருபொருவென்று இருந்த பையில் அடியில் பிழிந்தால் நீர் சொட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது. ஒரு தக்காளியைப் பிடுங்கினேன். வேர் பழுப்பாகிக் கையோடு உருவி வந்தது. வெண்டையை எல்லாம் அகற்றிவிட்டேன். நான்கு கத்தரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஆடிக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மழை நீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றினால் உப்பு இறங்குமா?

ஆடிப்பட்டம்

இறங்கும். பையின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, நீர் அடியில் நன்றாக வழிந்து ஓடும்வரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள்; கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு இடம் மாறுமே தவிர வெளியேறாது. பீப்பாயின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிவையுங்கள். கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரத் தண்ணீர் போதும்.