சம்பளம் வருகிறது, போகிறது. செலவைக் குறைக்க எங்கே கை வைப்பது?

மொட்டைமாடி:
எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். பெரியவள் பள்ளி இறுதி வகுப்பை நெருங்குகிறாள், சின்னவன் ஆரம்பப் பள்ளி. பெரிய கடன் என்று எதுவும் கிடையாது, கிரெடிட் கார்டில் மட்டும் கொஞ்சம் பாக்கி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, எங்கே போனது என்று கேட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. சம்பளம் ஏறும்போதெல்லாம் செலவும் கூடவே ஏறிவிடுகிறது. பணம் மட்டுமா, வீடே பொருளால் பிதுங்குகிறது. எதையாவது வாங்கி, அதைப் போட்டு வைக்க ஒரு பெட்டி வாங்கி, இப்போது அந்தப் பெட்டிகளை வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேவையில்லாததை எல்லாம் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் எளிமையாக இருக்கலாம் என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். நான் ஒரு நோட்டுப் போட்டு எல்லாச் செலவையும் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே சண்டை வந்துவிட்டது. நான் எழுதுவது கணக்கு இல்லையாம், குற்றப்பத்திரிகையாம். பெரியவளோ "என் செலவு மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுமா" என்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது, வீட்டில் மற்றவர்களை எப்படிக் கூடச் சேர்த்துக்கொள்வது? ஆடம்பரத்தைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கணக்கன்:
முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள் அம்மா. நோட்டில் ஏறுவதெல்லாம் அன்றாடம் கையால் கொடுக்கும் செலவு, அதில்தான் ஆளுக்கு ஆள் கோபம் வரும். கேட்காமலே போகும் பணம் அதில் ஏறாது. வங்கிக் கணக்கு, கார்டு இரண்டுக்கும் கடந்த 12 மாத விவரத்தை எடுத்து, நீங்கள் எதையும் அழுத்தாமல் தானாகக் கழிந்த தொகையை மட்டும் வட்டம் போடுங்கள். 12 மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்கள் ஒரு மாத விவரத்தைப் பார்த்தால் கண்ணில் படாது. ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்து அப்படியே மறந்துபோனவை, ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டும் ஒரே சேவை, போகாத உடற்பயிற்சிக் கூடம், பாதிகூடப் பயன்படுத்தாத இணையத் திட்டம், எப்போதோ வாங்கிய பொருளுக்கு இன்னமும் ஓடும் கூடுதல் உத்தரவாதம், இப்படி வரிசையாக வரும்.

இதை முதலில் செய்யச் சொல்வது ஏன் என்றால், ஒரு சந்தாவை ஒருமுறை நிறுத்தினால் அதோடு வேலை முடிந்தது, அது உங்களுக்காக மாதாமாதம் மிச்சப்படுத்திக்கொண்டே இருக்கும். தினசரிச் செலவு அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் மனதைக் கட்டிப்போட வேண்டும், ஒவ்வொரு நாளும் வாக்குவாதம். கட்டிய பணம் வீணாகுமே என்று தயங்காதீர்கள், அது போனது போனதுதான், இனி கட்டப்போவதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். சந்தேகமாக இருப்பதையும் நிறுத்திப் பாருங்கள். யாராவது நிஜமாகவே தேடினால் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம், யாரும் கதவைச் சாத்திவிடப் போவதில்லை. கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, மருத்துவக் காப்பீடும் சம்பாதிப்பவர் பேரில் இருக்கும் ஆயுள் காப்பீடும். சிக்கனம் என்ற பெயரில் முதலில் அதை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தால் பல வருட மிச்சமும் காணாமல் போகும்.

தூறல்:
கார்டில் கொஞ்சம் பாக்கி என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன வரிதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பாக்கி இருக்கும்வரை வேறு எதைக் குறைத்தும் பெரிய பலன் இல்லை. உங்கள் கார்டின் வட்டி என்ன என்று பாருங்கள். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று மனக்கணக்குப் போடுவோம், வட்டிக்கு வட்டி ஏறினால் 42.6 வரை வரும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் கொஞ்சம்தான் அசையும். போதாக்குறைக்குப் பல கார்டுகளில் பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத அவகாசமும் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே மீட்டர் ஓடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே வீட்டில் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குப் பணம் தூங்கிக்கொண்டிருக்கும். அது பிள்ளைகளுக்கு, இது கார்டுக்கு என்று மனதுக்குள் தனித்தனிப் பானை வைத்துக்கொள்கிறோம். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு மனக்கணக்கு முறை என்றே பெயர் வைத்து ஆராய்ந்தார், 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் வாங்கினார். அவசரத்துக்கு ஒரு தொகையை விட்டுவிட்டு மீதியை எடுத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியைவிட அதிகமாக ஈட்டித் தரும் பத்திரமான முதலீடு எதுவும் கிடையாது.

அப்புறம் இன்னொன்று. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். சிலரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும் சிலரிடம் கார்டில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் சராசரியாக இரண்டு மடங்கு அளவுக்குக் கேட்டார்கள். டிக்கெட் அதேதான். அதனால் ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை எல்லாம் அழித்துவிடுங்கள். எழுந்து போய் பர்ஸை எடுத்து எண்ணைத் தட்டுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

இரவுப்பறவை:
கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன், கோபிக்க வேண்டாம். எளிமையாக வாழ்கிறோம் என்று ஆரம்பித்த பல வீடுகளில் நடப்பது இதுதான். வெளியில் சாப்பிடுவது நின்றது, உதவிக்கு வந்தவரை நிறுத்தியாயிற்று, துணி தைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் இனி நாமே. அந்த நாமே யார்? பெரும்பாலும் அம்மா மட்டும்தான். பணச் செலவு குறைந்தது, அது அப்படியே ஒருத்தருடைய நேரச் செலவாக மாறியது, அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. ஆறே மாதத்தில் அவர் அலுத்துப்போய் விட்டுவிடுவார், பழையபடி செலவு திரும்பி வரும், "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று வேறு பேச்சு கேட்க வேண்டும்.

அதனால் ஒரு செலவை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள், இதனால் வரும் வேலையை யார் செய்யப் போகிறார்கள்? பேர் சொல்ல முடியாவிட்டால் அந்தச் செலவு இருந்துவிட்டுப் போகட்டும். சந்தா, வட்டி, உபயோகமில்லாத பொருள் இதிலெல்லாம் யாருக்கும் கூடுதல் வேலை வராது. மேலே இரண்டு பேரும் சொன்னதை நான் மறுக்காததற்கு அதுதான் காரணம். மற்றபடி சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிற வீட்டில் எத்தனை சந்தாவை வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, அங்கே பேச வேண்டியது வீட்டைப் பற்றி. உங்கள் நிலைமை எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. வாடகை எங்கள் வருமானத்தில் கால்வாசிதான், அதனால் அதைத் தொடப் போவதில்லை. கணக்கன் ஐயா சொன்னபடி விவரத்தை எடுத்து வட்டம் போட்டோம், இந்த முறை நான் போடவில்லை, கணவரே உட்கார்ந்து போட்டார். அவர் போட்ட வட்டத்தில் பாதி அவர் சேர்ந்ததுதான் என்பதால் சத்தமே இல்லை. இரவுப்பறவை சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது, அந்தப் பத்தியை அப்படியே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கார்டை இந்த மாதமே அடைக்கிறோம். மகள் விஷயம்தான் பாக்கி. தோழிகள் வைத்திருப்பது எல்லாம் வேண்டும் என்கிறாள், மறுத்தால் நாம் ஏழையா என்று கேட்கிறாள்.

எறும்பு:
மறுக்காதீர்கள், பணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் செய்தது இது. உடை, செல்போன், சினிமா, தோழிகளுக்குப் பரிசு, இதற்கெல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு தொகை. எப்படிச் செலவழித்தாய் என்று கேட்க மாட்டோம், நடுவில் தீர்ந்தாலும் கொடுக்க மாட்டோம். இரண்டாவது பாதிதான் கஷ்டம், முகத்தைப் பார்த்தால் மனசு கேட்காது, ஆனால் அங்கே வளைந்தால் முழு ஏற்பாடும் வீண். அதோடு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதேபோலக் கேள்வி கேட்காத ஒரு தொகை இருக்க வேண்டும். சம்பாதிக்கிறவர்களுக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்க ஏதாவது வேண்டும்தானே. நாம் ஏழையா என்று கேட்டால், வருமானம் எவ்வளவு, எதெதற்குப் போகிறது என்று முழுக் கணக்கையும் காட்டிவிடுங்கள். அந்த வயதில் புரியும். மறைத்தால்தான் பயமும் கற்பனையும்.

நோட்டு வேண்டவே வேண்டாம் என்று கணக்கன் ஐயா சொன்னதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஜப்பானில் ஹானி மொதோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இலேயே வீட்டுக் கணக்கு ஏடு ஒன்றை வெளியிட்டார், ககேய்போ என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். இப்போது பரவலாக இருக்கும் முறையில் செலவை நான்காகப் பிரிப்பார்கள். தேவை, ஆசை, புத்தகம் இசை மாதிரியான பண்பாட்டுச் செலவு, எதிர்பாராதது. ஆசைக்கு என்றே ஒரு பத்தி இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆசைப்பட்டு வாங்கியதை அதில் எழுதிவிட்டுப் போகலாம், யாரும் குற்றவாளி இல்லை. உங்கள் வீட்டு நோட்டில் அவரவர் செலவை அவரவர் கையால் எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள்.

மொட்டைமாடி:
மூன்று மாதத் தொகை யோசனை நன்றாக இருக்கிறது, மகளிடம் சொன்னதும் உடனே பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். கடைசியாக ஒன்று, இப்படி மிச்சமாகும் பணம் கணக்கிலேயே கிடந்தால் வேறு எதற்காவது போய்விடாதா?

பழைய கணக்கன்:
கட்டாயம் போய்விடும். நிறுத்திய சந்தாக்களின் தொகையை எல்லாம் கூட்டி, சம்பளம் வந்த மறுநாளே வேறொரு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். அந்தக் கணக்குக்குக் கார்டும் வேண்டாம், செல்போன் செயலியும் வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகை அதில் சேரட்டும், அதன் பிறகு எங்கே முதலீடு செய்வது என்று பேசலாம். எறும்பு சொன்ன நோட்டு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அவரவர் கையால் எழுதினால் மட்டும்.